எண்டோடாக்சின் ஒளிர் சென்சார் ப்ராஜெக்ட்: டைட்ரேஷனிலும் வைவாவிலும் எங்கே மாட்டுவோம்

வேதியியல் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு பாக்டீரியா நச்சைக் கண்டறியும் ஒளிர் சென்சாரை எடுத்தால், மூலக்கூறைத் தயாரித்து, அதன் அமைப்பை உறுதிசெய்ய என்.எம்.ஆர். எடுப்பதிலேயே பாதிக் காலம் போய்விடும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மாட்டுவது அங்கே அல்ல, டைட்ரேஷனில்தான், அதாவது சென்சார் கரைசலில் நச்சைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒளி மாறுவதை அளக்கும்போதுதான்.

அமோனியத் தொகுதி கொண்ட பைரீன் (ஒளிரும் கரிமச் சேர்மம்) சென்சாரையே எடுத்துக்கொள்வோம். கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் உள்ள லிப்போபாலிசாக்கரைடுதான் எண்டோடாக்சின். அதன் லிப்பிட் ஏ பகுதியில் பாஸ்பேட்டுகள் இருப்பதால் எதிர்மின்சுமை. நேர்மின்சுமையுள்ள சென்சார்கள் அதன்மேல் நெருக்கியடித்து உட்காரும்போது பைரீன்கள் தூண்டப்பட்ட நிலையில் ஜோடி சேர்ந்து எக்சைமர் ஆகும். 375 முதல் 400 நானோமீட்டர் வரையிலான மோனோமர் (ஜோடி சேராத பைரீன்) ஒளி குறையும், 480 பக்கம் அகலமான பட்டை எழும். இவ்விரண்டின் விகிதத்தை வரையுங்கள். ஒரே பட்டையின் ஒளி அளவை மட்டும் வரைந்தால் அது விளக்கின் ஏற்ற இறக்கத்தோடு ஆடும்.

டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் சென்சாரின் 1 மில்லிமோலார் ஸ்டாக் (அடிக்கரைசல்). அதில் 2 மைக்ரோலிட்டரை 2 மில்லிலிட்டர் ஹெப்பஸ் பஃபரில் (10 மில்லிமோலார், பிஹெச் 7.4) விட்டால் 1 மைக்ரோமோலார் வரும், டி.எம்.எஸ்.ஓ. 0.1 சதவீதத்தோடு நின்றுவிடும். பாஸ்பேட் பஃபர் வேண்டாம்; சென்சாரைப் பிடிக்க அதுவும் போட்டி போடும். தூண்டும் அலைநீளத்தில் உறிஞ்சல் 0.1ஐத் தாண்டக்கூடாது. ஒளி குறைவாக இருக்கிறதே என்று 5 மைக்ரோமோலார் போட்டால் எளிதில் தாண்டிவிடும். அப்புறம் வளைகோடு வளைவது பிணைப்பாலா, உள்வடிகட்டல் விளைவாலா (கரைசலே ஒளியை உறிஞ்சிக்கொள்வதாலா) என்று சொல்ல முடியாது.

340 நானோமீட்டரில் தூண்டினால் நீரின் ராமன் சிகரம் (நீர் அலைநீளம் மாற்றிச் சிதறடிக்கும் ஒளி) சுமார் 384இல் விழும், அதாவது மோனோமர் சிகரங்களின் நடுவிலேயே. அதைப் பைரீன் என்று எண்ணி விகிதம் போட்டால் எல்லா எண்ணும் தப்பு. சோதிப்பது சுலபம்: தூண்டலை 345க்கு மாற்றுங்கள். ராமன் 391க்கு நகரும், பைரீன் நகராது. சென்சார் இல்லாத பஃபரை மட்டுமல்ல, சென்சார் இல்லாமல் எண்டோடாக்சின் மட்டும் உள்ள கரைசலையும் ஸ்கேன் செய்து கழியுங்கள். அதன் திரள்கள் ஒளியைச் சிதறடிக்கும்.

அந்தத் திரள்கள்தான் பெரிய தலைவலி. எண்டோடாக்சின் ஸ்டாக்கை 10 நிமிடம் சோனிகேட் செய்து (மீயொலியால் குலுக்கி), ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் வோர்டெக்ஸ் செய்யுங்கள் (வேகமாகச் சுழற்றிக் கலக்குங்கள்). உறைய வைத்து உருக்கி மறுபடி உறைய வைத்தால் திரளின் அளவு மாறி, நேற்றைய வளைகோடு இன்று வராது. பிளாஸ்டிக் குழாயின் சுவரிலும் அது ஒட்டும். கண்ணாடியே நல்லது, 250 டிகிரியில் 30 நிமிடம் சுட்டெடுத்தது. ஆட்டோகிளேவ் பாக்டீரியாவைக் கொல்லும், எண்டோடாக்சினை அழித்துவிடாது. சேர்க்கும் எண்டோடாக்சின் கரைசலிலும் 1 மைக்ரோமோலார் சென்சாரைக் கலந்து வைத்தால், எத்தனை முறை சேர்த்தாலும் சென்சாரின் செறிவு மாறாது.

ஜாப் வரைபடம் (பிணைப்பு விகிதம் காணும் வரைபடம்) போட்டு 1:3 என்றெல்லாம் எழுதாதீர்கள். மூலக்கூறு எடையே ஒரே எண்ணாக இல்லாத, திரளாகக் கிடக்கும் பொருளுக்கு அந்த விகிதத்துக்கு அர்த்தமில்லை.

கண்டறியும் எல்லைக்கு 3 சிக்மாவை (திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கை) வளைகோட்டின் சாய்வால் வகுப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிக்மா பத்துத் தனித்தனி பிளாங்க்குகளிலிருந்து (எண்டோடாக்சின் சேர்க்காத கரைசல்களிலிருந்து) வர வேண்டும். ஒரே க்யூவெட்டைப் பத்து முறை ஸ்கேன் செய்தால் கிடைப்பது கருவியின் இரைச்சல் மட்டுமே, எல்லை பொய்யாகக் குறைந்து தெரியும்.

எல்லை 10 நானோமோலார் வந்தது என்று வையுங்கள். மூலக்கூறு எடையை 10,000 என்று கொண்டால் அது மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். 1 எண்டோடாக்சின் யூனிட் சுமார் 0.1 நானோகிராம், ஆகவே 1000 யூனிட். ஊசி மருந்துக்கான நீரில் அனுமதிக்கப்படுவது மில்லிலிட்டருக்கு 0.25 யூனிட்தான், நம் சென்சார் 4000 மடங்கு பின்னால் நிற்கிறது. குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுக்கும் எல்.ஏ.எல். சோதனை எப்படி அவ்வளவு நுண்மையாக உணர்கிறது என்பது அடுத்த கேள்வியாக வரும். அங்கே நொதிகள் தொடராகத் தூண்டப்பட்டு சமிக்ஞையைப் பெருக்குகின்றன; நம்மிடம் பெருக்கம் இல்லை. இந்தக் கணக்கை ஆய்வேட்டில் நீங்களே எழுதிவிடுங்கள். தேர்வாளர் பலகையில் போட்டால் கஷ்டம்.

தேர்வுத்திறன் (எண்டோடாக்சினை மட்டும் பிரித்தறியும் திறன்) பட்டியலில் சோடியம், குளுக்கோஸ், கிளைசின் என்று அடுக்கினால் யாரும் நம்பமாட்டார்கள். எதிர்மின்சுமையுள்ள எஸ்.டி.எஸ். (சலவைப்பொருள்), ஹெப்பாரின், ஏ.டி.பி., டி.என்.ஏ., லிப்போடெய்க்காயிக் அமிலம் ஆகியவற்றைப் போடுங்கள். எஸ்.டி.எஸ். கட்டாயம் ஒளியை மாற்றும். மறைக்காமல் எந்தச் செறிவில் தொடங்குகிறது என்று குறியுங்கள். கால்சியம், மெக்னீசியம் அயனிகள் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு சமிக்ஞையைக் குறைக்கும், குழாய்நீர் மாதிரியில் இது முதலிலேயே தெரிந்துவிடும். கடைசியாக பாலிமிக்சின் பி என்ற ஆன்டிபயாடிக்கைச் சேர்த்துப் பாருங்கள். அது லிப்பிட் ஏ மீது உட்கார்ந்து சென்சாரைத் தள்ளிவிட்டு மோனோமர் ஒளி திரும்பினால், சென்சார் எங்கே பிணைந்திருந்தது என்பதற்கு அதுவே நல்ல சான்று.