22 பிளைண்ட்

ஜூன் 4, புதன்

தூக்கம் வரவில்லை. போக்கர் போட்டியைக் கடைசி மேஜையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சிப்ஸை எண்ணி, பையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். 14-ம் தேதி வரை அது அங்கே, நான் இங்கே. மிச்சம் ஒன்பது பேர். என்னிடம் 22 பிளைண்ட், அதாவது சீட்டுப் பார்க்கும் முன்பே கட்ட வேண்டிய பெரிய பந்தயத்தைப் போல (பிக் பிளைண்ட்) 22 மடங்கு. எனக்குக் கீழே ஒரே ஓர் ஆள், அவரிடம் 7.

ஜூன் 5, வியாழன்

டைட்டா, லூஸா. நல்ல சீட்டு வந்தால் மட்டும் ஆடுவதா, கிடைத்ததை வைத்து இறங்குவதா. பல் விளக்கும்போதும் அதே.

இவ்வளவு தூரம் வந்தது டைட்டாக ஆடித்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் இனிமேல் அது தாங்குமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஸ்மால், பிக் என்று இரண்டு பிளைண்டும், அதுபோகக் கட்டாயமாகக் கட்டும் ஆன்ட்டியுமாக ஒரு சுற்றுக்கு என்னிடமிருந்து இரண்டரை பிளைண்ட் போகும். ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ராணி ஜோடி, ஏஸ்-ராஜா, இவை வந்தால்தான் ஆடுவேன் என்று வீம்பாக இருந்தால்? ஆளுக்கு வரும் இரண்டு சீட்டில் மொத்தம் 1326 கைகள் சாத்தியம், அவற்றில் இவை 34. அதாவது 39 கைக்கு ஒருமுறை. ஒன்பது பேர் மேஜையில் நாலு சுற்றுக்கும் மேல். ஒரே ஒரு நல்ல கைக்குக் காத்திருக்கிற கூலி 10 பிளைண்டைத் தாண்டுகிறது. பாதி கையிருப்பு. அப்படிக் காத்திருந்து ஏஸ் ஜோடி வந்து, பந்தயத்தை ஏற்றி ரெய்ஸ் போட்டு, எல்லோரும் சீட்டைக் கீழே போட்டு ஃபோல்ட் செய்துவிட்டால் கிடைப்பது நடுவில் கிடக்கும் அதே இரண்டரை!

ஆட்கள் குறையக் குறைய இன்னும் மோசம். ஆறு பேர் ஆகிவிட்டால் ஆறு கைக்கு ஒருமுறை அந்த இரண்டரையைக் கட்ட வேண்டும். சும்மா இருப்பதற்கு வாடகை ஏறிக்கொண்டே போகும் வீடு.

ஜூன் 6, வெள்ளி

சிப்ஸைப் பையில் போடுவதற்கு முன் வந்த அந்த ஏஸ்-ராணியை ஃபோல்ட் செய்தது சரிதான். சரிதான்.

ஜூன் 7, சனி

தம்பி வந்திருந்தான். அவனிடம் சொல்லியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது, பிறகு சொன்னது நல்லது என்றும் தோன்றியது.

"அண்ணே, நீ கார்டு வரட்டும்னு உட்கார்ந்திருக்க. நீ உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்து மத்த எட்டுப் பேரும் நிம்மதியா இருக்கானுங்க."

"நீ போன தடவை எத்தனாவது ஆளா வெளியே வந்த?"

"முதல் ஆளா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஜெயிச்சேன்ல. நீ ஜெயிச்சிருக்கியா?"

பதில் சொல்லவில்லை. கடைசி மேஜை வரை வருவது வேறு, ஜெயிப்பது வேறு. பரிசில் பெரும்பங்கு முதல் மூன்று பேருக்குத்தான்.

அவனுக்கு பத்தும் இரண்டும், 10-2 மாதிரி மட்டமான கை வந்தால்கூட ஆட வேண்டும். 1976, 1977 இரண்டு வருடமும் டாய்ல் பிரன்சன் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயித்தபோது கடைசிக் கை 10-2 என்பான். உண்மைதான். அந்தக் கடைசிக் கைக்கு வந்து சேரும்வரை அவர் எத்தனை 10-2-வைத் தூக்கிப் போட்டார் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தம்பியின் லூஸ், ரெய்ஸ் போடுகிற லூஸ். எதிராளியை யோசிக்க வைக்கிற லூஸ். "என்னதான் வருதுன்னு பார்ப்போமே" என்று ஒவ்வொரு கைக்கும் எதிராளி வைத்த தொகைக்கு ஈடாகக் கட்டி 'கால்' மட்டும் செய்துகொண்டிருக்கிற லூஸ் வேறு ஜாதி. அவர்களை நம்பித்தான் மேஜையில் மற்றவர்கள் பிழைக்கிறார்கள்.

போகும்போது வாசலில் நின்று, "அண்ணே, பயந்து மட்டும் ஆடாத" என்றான். பயமா? கோபம் வந்தது. ராத்திரி வரை போகவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

எரிச்சல். எதையும் எழுதப் போவதில்லை.

ஜூன் 9, திங்கள்

இடப்பக்கத்து நாற்காலி. அங்கே உட்கார்ந்திருப்பது மேஜையிலேயே பெரிய கையிருப்பு. என் இடத்துக்கு அடுத்த இடம். அதாவது நான் எதைச் செய்தாலும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் செய்வார். பட்டன் (சீட்டுப் போடுகிறவர் இடத்தைக் காட்டும் வில்லை, ஒவ்வொரு கைக்கும் இடப்பக்கம் நகரும்) எனக்கு வந்தால் அவர் ஸ்மால் பிளைண்ட். நான் ஸ்மால் பிளைண்ட் என்றால் அவர் பிக் பிளைண்ட். நான் பிக் பிளைண்டில் இருக்கும்போது மட்டும்தான் ஃபிளாப்புக்கு, அதாவது மேஜையில் மூன்று பொதுச்சீட்டு விழுவதற்கு, முன் அவர் எனக்கு முன்னால் பேச வேண்டும். ஒன்பதில் ஒரு கை!

லூஸாக ஆடு என்று சொல்வது சுலபம். ஆளுக்கு ஆள் பயப்படுகிற மேஜையில் பெரிய கையிருப்புக்காரர்தான் லூஸாக ஆட வேண்டும், ஆடவும் செய்வார். அவர் தோற்றாலும் மேஜையில் இருப்பார். நான் தோற்றால் எழுந்து போக வேண்டும். நடுவில் இருக்கிறவன் பாடுதான் திண்டாட்டம்: 7 பிளைண்ட் ஆள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், அவர் போனால் நான் ஒரு படி மேலே, பரிசும் ஏறும். அவருக்கு முன்னால் நான் போனால் அது வெறும் சிப்ஸ் நஷ்டம் இல்லை. இங்கே ஜெயிக்கிற சிப்ஸை விடத் தோற்கிற சிப்ஸுக்கு மதிப்பு அதிகம்.

அப்படியானால் டைட். நேற்று முன்தினம் தம்பியிடம் பட்ட கோபம் வீண் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

இல்லை, டைட் இல்லை. வாடகைக் கணக்கு மறந்துவிட்டதா?

ஜூன் 11, புதன்

ஏஸ்-ராணி மறுபடி.

பையில் போடுவதற்கு முந்தைய கை. முதலில் பேச வேண்டிய இடத்திலிருந்து ரெய்ஸ் போட்டது மேஜையில் இருக்கும் ஓர் அம்மா. சாயங்காலம் முழுக்க விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆடியிருந்தார். அவரிடம் ஜாக்கி ஜோடி என்றால் எனக்கு ஜெயிக்கிற வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேல். ஏஸ்-ராஜா என்றால் நாலில் ஒரு பங்கு. ராணி ஜோடியோ ராஜா ஜோடியோ என்றாலும் ஏறத்தாழ அதே கதி. ஏஸ் ஜோடி என்றால் கேட்கவே வேண்டாம். என்னிடம் அதே ஏஸ்-ராணி இருக்க, அவருக்குப் பதில் தம்பி ரெய்ஸ் போட்டிருந்தால் யோசிக்காமல் மொத்த சிப்ஸையும் வைத்து ஆல்-இன் சொல்லியிருப்பேன்.

கை ஒன்றுதான். டைட்டா லூஸா என்பது என் கையில் இல்லை, எதிரில் யார் என்பதில் இருக்கிறது. இதைத் தம்பியிடம் சொன்னால் "நான் அதைத்தானே சொன்னேன்" என்பான். சொல்லப் போவதில்லை.

ஜூன் 12, வியாழன்

பத்து நாள் காத்திருப்பதற்கே இந்தப் பாடு. 2008 முதல் 2016 வரை உலகத் தொடரில் கடைசி ஒன்பது பேரை ஜூலையில் நிறுத்தி நவம்பர் வரை காக்க வைத்தார்கள். நான்கு மாதம்! பயிற்சியாளர் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. நானாக இருந்தால் மூளை கலங்கியிருக்கும்.

போக்கர் ஆட்டக்காரர் டான் ஹாரிங்டனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். டைட்டாக ஆடியே பேர் வாங்கியவர், அதனாலேயே கிண்டலாக அவருக்கு 'ஆக்‌ஷன் டான்' என்று பட்டப்பெயர். 1995-ல் அதே முக்கியப் போட்டியை ஜெயித்தார். 2003-ல் 839 பேரில் மூன்றாவது, 2004-ல் 2576 பேரில் நான்காவது. இன்னொரு பக்கம் ஸ்டூ உங்கர், யாரையும் மூச்சுவிட விடாமல் அடித்து ஆடியவர், 1980, 1981, பிறகு 1997. இரண்டு பேரும் ஜெயித்திருக்கிறார்கள். பெயர்களைக் காட்டி எதையும் நிரூபித்துவிடலாம். இதற்கு இன்றைய பொழுது போனது.

ஜூன் 13, வெள்ளி

ரெய்ஸுக்கு லூஸ். காலுக்கு டைட்.

போக்கர் புத்தகங்கள் எழுதிய டேவிட் ஸ்க்லான்ஸ்கி சொன்ன இடைவெளி இதுதான்: நாமே ரெய்ஸ் போடத் தேவையான கையை விட, இன்னொருவர் ரெய்ஸுக்குக் கால் சொல்ல நல்ல கை வேண்டும். ரெய்ஸ் போட்டால் ஜெயிக்க இரண்டு வழி, எல்லோரும் ஃபோல்ட் செய்யலாம் அல்லது என் கை நிற்கலாம். கால் சொன்னால் முதல் வழி அப்போதே அடைபடும். அதுவும் 7 பிளைண்ட் ஆள் இருக்கும்வரை மொத்தத்தையும் வைத்துக் கால் சொல்வதற்கு என்னிடம் மலை மாதிரி கை இருக்க வேண்டும்.

பட்டனில் 2.2 பிளைண்டுக்கு ரெய்ஸ். நடுவில் கிடப்பது இரண்டரை. நூற்றுக்கு 47 தடவை எல்லோரும் ஃபோல்ட் செய்தால் போதும், சீட்டே பார்க்காமல் நஷ்டமில்லை. அன்று முழுக்க நான் டைட்டாக உட்கார்ந்திருந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். என் ரெய்ஸை நம்புவார்கள். அந்த நம்பிக்கையைச் சேர்த்து வைத்திருக்கிறேன், செலவழிக்க நாளை ஒன்றே நாள். இடப்பக்கத்து ஆள் நம்புவாரா என்பது தெரிந்துகொள்ள ஒரே வழிதான்.

முதல் சுற்றில் இரண்டு தடவை. கை எதுவானாலும் இரண்டு தடவை.

இன்றைக்காவது தூங்க வேண்டும்.

ஜூன் 14, சனி, காலை

தூங்கினேன்.

அன்றே, இடைவேளை

இரண்டு தடவை ரெய்ஸ். முதல் தடவை எல்லோரும் ஃபோல்ட், இடப்பக்கத்து ஆள் உட்பட. கையில் 8-5. இரண்டாவது தடவை அவர் ஆல்-இன் சொன்னார், நான் ஃபோல்ட். திட்டப்படிதான்.

திட்டத்தில் இல்லாதது: 7 பிளைண்ட் ஆள் இரட்டிப்பாகி, மறுபடியும் இரட்டிப்பாகி, இப்போது என்னைவிட மேலே. அந்த அம்மாதான் அவருக்குக் கொடுத்தது. இன்னும் ஒன்பது பேர். கடைசி ஆள் நான். 17 பிளைண்ட், அடுத்த லெவலில் ஸ்மால், பிக் பிளைண்ட் 4000/8000-லிருந்து 5000/10000 ஆகும், அப்போது 13 சொச்சம். 13-க்குச் சின்ன ரெய்ஸ் எல்லாம் கிடையாது, ஆல்-இன் மட்டும். பட்டனில் எந்த ஏஸானாலும், எந்த ஜோடியானாலும். ராஜா-ஒன்பது ஒரே சின்னத்தில் (சூட்) வந்தால் சரி, இல்லையென்றால்