ஆறு கொண்டுபோன ஊரும் அக்காவின் பெயரும்

அசாமின் பார்பேட்டா மாவட்டத்தில், பேக்கி ஆற்றங்கரையில் எங்கள் குடும்பம் வசிக்கிறது. நான் பிறந்த ஊர் இப்போது இல்லை. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே ஆறு கரையை அரித்து, வயலையும் பாக்குத் தோப்பையும் தாத்தா கட்டிய வீட்டையும் கொண்டுபோய்விட்டது. நாங்கள் சற்றுத் தள்ளிக் கரைமேட்டை ஒட்டிக் குடியேறினோம். பெரியப்பா குடும்பம் பிரம்மபுத்திராவைக் கடந்து கோவால்பாரா பக்கம் போய்விட்டது. அந்தப் பிரிவு பின்னால் எங்களை எவ்வளவு அலையவைக்கும் என்பது, 2015-இல் தேசியக் குடிமக்கள் பதிவேட்டுக்கான படிவம் கைக்கு வந்தபோது எங்களுக்குத் தெரியவில்லை.

1951-ஆம் ஆண்டுப் பதிவேட்டை அசாமில் புதுப்பிக்கும் பணி அது. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முன்பே நாமோ நம் முன்னோரோ இங்கே இருந்ததை ஓர் ஆவணத்தாலும், அந்த முன்னோருக்கும் நமக்கும் உள்ள உறவை இன்னோர் ஆவணத்தாலும் காட்ட வேண்டும். தாத்தாவின் பெயர் 1966 வாக்காளர் பட்டியலில், இன்று இல்லாத அந்த ஊரின் பெயருக்குக் கீழே இருந்தது. நிலப் பட்டாவையோ அப்பா ஒவ்வொரு வெள்ளத்தின்போதும் பாலித்தீன் உறையில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் காப்பாற்றி வந்தார். ஆற்றுக்கு அடியில் கிடக்கும் நிலத்தின் பட்டா அது. கடைசிவரை அதற்கு வேலையே வரவில்லை.

எனக்கும் தம்பிக்கும் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் இருந்தது. அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. வாக்காளர் பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே இருந்தது கணவர் பெயர்தான். அதனால் அவள் அப்பாவின் மகள் என்பதைக் காட்ட, பஞ்சாயத்துச் செயலர் கொடுத்த சான்றிதழை இணைத்தோம். 2017 பிப்ரவரியில் குவஹாத்தி உயர் நீதிமன்றம் அத்தகைய சான்றிதழ் செல்லாது என்றது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சரிபார்த்து ஏற்கலாம் என்றது. இடைப்பட்ட ஒன்பது மாதங்களும் அக்கா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தத் தாளைப் பற்றித்தான் விசாரித்தாள்.

2018 ஜூலை 30 அன்று வெளியான வரைவில் விடுபட்ட 40 லட்சம் பேரில் அவளும் ஒருத்தி. சணல் ஊறவைக்கும் பருவம் என்பதால் ஊரெங்கும் அந்த அழுகல் வாடை. இடுப்பளவு தண்ணீரில் நின்று நார் உரித்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். உரித்த நாரைத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பா பெயர் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டாள்.

கோரிக்கை மனு கொடுத்து விசாரணைக்குப் போனபிறகுதான் காரணம் புரிந்தது. ஒரே முன்னோரைக் காட்டும் எல்லாக் குடும்பங்களும் எழுதித் தரும் வம்சாவளி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கோவால்பாராவில் பெரியப்பா மகன் தாத்தாவின் வாரிசுகளை எழுதியபோது, கட்டிக்கொடுத்த பெண்களை விட்டுவிட்டார். தன் கூடப்பிறந்த தங்கையைக்கூட எழுதவில்லை. "அவர்கள் வேறு வீட்டார் ஆகிவிட்டார்களே" என்றார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. நாங்களும் அவர் பிள்ளைகளின் பெயர்களை ஊகித்துத்தான் எழுதியிருந்தோம்.

ஜோகிகோபாவில் நரநாராயண் பாலத்தைக் கடந்து போய், அவர் வீட்டில் இரவு தங்கி, தாத்தாவிலிருந்து கடைசிப் பேரப்பிள்ளைவரை ஒரே தாளில் எழுதினோம். மறுநாள் அவரைக் கையோடு அழைத்துவந்தோம். விசாரணையில் அதிகாரி அவரைத் தனியாக உட்காரவைத்து, தாத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள், அவர்களில் மூத்தவர் யார் என்று கேட்டுவிட்டு, அக்காவைக் காட்டி, "இவர் உங்களுக்கு என்ன உறவு?" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவளைப் பார்த்திராத அண்ணன், "சித்தப்பா மகள். வெள்ளத்தில் எங்களைப் படகில் ஏற்றியபோது ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அழுதவள்" என்றார். அதிகாரி முதல் இரண்டு சொற்களை மட்டும் எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார்.

2019 ஆகஸ்ட் 31 அன்று வந்த இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. அக்காவின் பெயர் இருந்தது. அந்த வம்சாவளித் தாளை நான்கு நகல் எடுத்தோம். மூன்று எங்கள் தகரப் பெட்டியில் இருக்கின்றன. நான்காவது கோவால்பாராவில் அண்ணனிடம் இருக்கிறது, அவர் வீடு ஆற்றிலிருந்து தள்ளி, மேட்டில் இருப்பதால்.