டோக்கியோ நாட்குறிப்பு: முடிவெட்டும் கடையிலிருந்து கசுகாபே வரை

2024 அக்டோபர் 11, வெள்ளி

இன்று ஆபீஸில் யார் போனை எட்டிப் பார்த்தாலும் ஒரே செய்தி. டோரேமானுக்குக் குரல் கொடுத்த ஓயாமா நொபுயோ அம்மா இறந்துவிட்டார். வயது 90. செப்டம்பர் 29ஆம் தேதியே போய்விட்டாராம், இன்றுதான் வெளியே சொன்னார்கள். 1979 முதல் 2005 வரை, இருபத்தாறு வருடம் அந்த நீலப் பூனைக்கு அவர்தான் குரல்.

மதியச் சாப்பாட்டின்போது எங்கள் பிரிவுத் தலைவர் திடீரென்று அந்தக் கரகரத்த குரலில் ஒரு வரி பேசிக் காட்டினார். ஐம்பத்தைந்து வயது மனிதர், பட்ஜெட் கூட்டத்தில் சிரித்துக்கூடப் பார்த்ததில்லை. சுற்றி இருந்தவர்கள் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு கருவியின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்: எங்கும் போகும் கதவு, தலையில் மாட்டும் மூங்கில் காற்றாடி, பாடத்தை அச்செடுத்துத் தின்றால் மனப்பாடமாகிவிடும் ரொட்டி. கணக்குப் பிரிவிலிருந்து இந்த வருடம் சேர்ந்த பெண்ணும் வந்து கலந்துகொண்டாள். அவள் கேட்டு வளர்ந்தது 2005க்குப் பிறகு வந்த வேறு குரலை. ஆனாலும் கருவிகள் அத்தனையும் அவளுக்கும் அத்துப்படி.

இங்கே வந்த புதிதில் மங்கா என்கிற படக்கதை, அனிமே என்கிற கார்ட்டூன் என்றால் டோக்கியோவின் அகிஹபாரா கடைத்தெருவும் அங்கே வேஷம் கட்டி நிற்கும் பிள்ளைகளும்தான் என்று நினைத்திருந்தேன். ஊரிலிருந்து வருகிற நண்பர்களும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, இந்த நாட்டில் படக்கதை எங்கே குடியிருக்கிறது என்று தெரிய இப்படி ஒரு மதியச் சாப்பாட்டில் உட்கார வேண்டும்.

2024 அக்டோபர் 19, சனி

முடி வெட்டப் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். காத்திருக்கும் பெஞ்சுக்குப் பின்னால் சுவர் முழுக்க மங்கா. இங்கே முடிவெட்டும் கடை, சாப்பாட்டுக் கடை, நாணயம் போட்டுத் துவைக்கும் லாண்டரி, பல் டாக்டர் என்று காத்திருக்க நேரும் இடத்திலெல்லாம் இப்படி ஓர் அலமாரியைப் பார்க்கலாம்.

இந்தக் கடையில் பாதி அலமாரியை 'கொச்சிகாமே' அடைத்துக்கொண்டிருக்கிறது. கமெயாரி என்ற டோக்கியோவின் சாதாரணப் பேட்டையில், ஒரு போலீஸ் சாவடியில் வேலை பார்க்கும் உருப்படாத கான்ஸ்டபிளின் கதை. 1976இல் தொடங்கி 2016 வரை நாற்பது வருடம், வாரம் தவறாமல் வந்து, 200 தொகுதியில் முடிந்தது. கமெயாரி ஸ்டேஷன் பக்கம் அந்தக் கான்ஸ்டபிளுக்கு வெண்கலச் சிலையே இருக்கிறது. மீதிப் பாதியில் 'கோல்கோ 13'. கூலிக்குக் கொலை செய்கிறவன் கதை. 1968இல் ஆரம்பித்தது இன்னும் ஓடுகிறது. வரைந்த சைத்தோ தக்காவோ 2021இல் இறந்துவிட்டார். தான் இல்லாவிட்டாலும் தொடர வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தாராம், அவருடைய குழு வரைந்துகொண்டிருக்கிறது.

நான் உருவிய தொகுதியின் முதுகு செல்லோடேப்பில் நின்றது. பக்கங்களின் ஓரம் விரல்பட்டுப் பட்டுப் பழுப்பேறி, நடுவில் ஒரு பக்கத்தில் யாருடையதோ நாலைந்து நரைமுடித் துணுக்குகள். கடைக்காரத் தாத்தாவிடம் நடுவில் ஒரு தொகுதி காணோமே என்றேன். "எடுத்துட்டுப் போனவர் மூணு மாசத்துக்கு ஒரு தடவை வருவார், அடுத்த முறை கொண்டுவருவார்" என்றார். கோபமே இல்லை.

அந்தக் கோல்கோவை வைத்து வெளியுறவு அமைச்சகம் 2017இல் ஒரு கையேடு போட்டது, வெளிநாட்டில் தொழில் செய்யும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பாதுகாப்பு வழிகாட்டி. கொலைகாரன் வந்து, கடத்தல்காரர்களிடமிருந்து ஊழியர்களை எப்படிக் காப்பது என்று வகுப்பெடுக்கிறான். அரசாங்கச் சுற்றறிக்கையை யாரும் படிக்கமாட்டார்கள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

2024 அக்டோபர் 20, ஞாயிறு

மாலை ஆறரைக்கு 'சசாயே-சான்'. ஹசெகாவா மச்சிக்கோ என்ற பெண் 1946இல் ஃபுக்குவோக்காவின் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையில் நாலு கட்டப் படக்கதையாகத் தொடங்கியது. டிவியில் 1969 அக்டோபரிலிருந்து வருகிறது. உலகிலேயே நீண்ட காலம் ஓடும் டிவி அனிமேஷன் என்று கின்னஸில் இருக்கிறது.

கதை என்று பெரிதாக எதுவும் கிடையாது. அப்பா, அம்மா, கல்யாணமான மூத்த மகள் சசாயே, அவள் புருஷன், குழந்தை, தம்பி, தங்கை என்று ஒரே கூரையின் கீழ் ஏழு பேர். தம்பி பரீட்சைத் தாளை ஒளித்துவைப்பான், அப்பா கத்துவார், வட்டமேஜையைச் சுற்றி எல்லாரும் சாப்பிடுவார்கள். வீட்டில் இன்னும் சுழற்றும் கறுப்பு டெலிபோன்தான். யாருக்கும் வயது ஏறுவதில்லை. வழுக்கைத் தலையின் உச்சியில் ஒற்றை முடி நிற்கும் அந்த அப்பாவுக்கு 54 வயது. எங்கள் பிரிவுத் தலைவர் அவரைவிட ஒரு வயது மூத்தவர் என்று இப்போதுதான் கணக்குப் போட்டேன். நாளை சொல்லலாமா, வேண்டாமா?

இந்த நிகழ்ச்சியின் முடிவுப் பாட்டு வந்தால் இங்கே பலருக்கும் வயிற்றைக் கலக்கும். ஞாயிறு முடிந்தது, விடிந்தால் வேலை. அந்தச் சோர்வுக்கே சசாயே-சான் நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என் மகளுக்கு அந்தக் கவலை இல்லை. கடைசியில் சசாயே திரையிலிருந்து கல்-தாள்-கத்தரி விளையாடுவாள், இவள் ஜெயித்தால் குதிப்பாள்.

2024 அக்டோபர் 21, திங்கள்

திங்கள் என்றால் 'ஷோனென் ஜம்ப்' என்ற மங்கா வார இதழ் வரும் நாள். ஸ்டேஷன் பக்கத்து கன்வீனியன்ஸ் கடையில் செய்தித்தாள்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். செங்கல் தடிமன், விலை 300 யென் சொச்சம். இடையிடையே நிறம் மாறும் சொரசொரப்பான மட்டக் காகிதம், மை விரலில் ஒட்டும். படித்துவிட்டு ரயில் மேலடுக்கில் விட்டுப்போவதற்கென்றே செய்த பொருள். பிடித்த தொடரைப் பிற்பாடு நல்ல காகிதத்தில் தனித் தொகுதியாக வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

உள்ளே ஓர் அஞ்சலட்டை இருக்கும். இந்த இதழில் உங்களுக்குப் பிடித்த மூன்று கதைகள் எவை? அந்த அட்டைகளை எண்ணித்தான் எது நீடிக்கும், எது நிற்கும் என்று முடிவாகிறது. அடி வரிசைக்குப் போன தொடர் இருபது வாரம்கூடத் தாண்டாமல் முடிந்துபோவது சாதாரணம். கலைஞனுக்குக் கொடுமைதான். வாரம் பத்தொன்பது பக்கம் வரைந்துகொண்டு, பன்னிரண்டு வயதுப் பையன்களின் வாக்கெடுப்பில் நிற்க வேண்டும். ஆனால் பத்திரிகையின் சூடு குறையாமல் இருப்பதும் அதனால்தான் என்று தோன்றுகிறது.

1994 கடைசியில் ஒரே இதழ் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி அச்சானது. இப்போது 11 லட்சம் அளவில் நிற்கிறது. படிப்பது குறைந்ததாக அர்த்தமில்லை. 2017லேயே மின்வடிவத் தொகுதிகளின் விற்பனை காகிதத் தொகுதிகளை முந்திவிட்டது. இன்று காலை தோசாய் தடத்தில் என் எதிரே உட்கார்ந்திருந்த டை கட்டியவர் போனில் பக்கம் புரட்டிக்கொண்டு வந்தார். நிஹொம்பாஷி வந்ததுகூடத் தெரியாமல் கடைசி நொடியில் பாய்ந்து இறங்கினார்.

வயது ஏறினால் மங்காவை விட்டுவிட வேண்டும் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. அடுத்த அலமாரிக்கு நகர்ந்துகொள்கிறார்கள். ஆரம்பப் பள்ளிப் பையனுக்கு 'கொரோகொரோ', அப்புறம் ஜம்ப், காலேஜ் வயதில் 'யங்' என்று தொடங்கும் பத்திரிகைகள், நரைத்த பிறகு 'பிக் காமிக்'. சிறுமிகளுக்கு 'ரிபோன்', 'நகாயோஷி' என்று ஆரம்பித்துத் தனி வரிசை. சிறுவர் பத்திரிகைகளில் கான்ஜி என்கிற, சீனத்திலிருந்து வந்த ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் உச்சரிப்பைப் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நான் படிக்கக் கற்றதும் அந்தப் பொடி எழுத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

2024 நவம்பர் 3, ஞாயிறு

கலாசார நாள், அரசு விடுமுறை. 'ஆஸ்ட்ரோ பாய்' வரைந்த தெசுகா ஒசாமு பிறந்ததும் இதே தேதியில், 1928இல். மருத்துவம் படிக்கும்போதே மங்கா வரைய ஆரம்பித்தவர். மகளைக் கூட்டிக்கொண்டு தகதனோபாபா போனேன். ஆஸ்ட்ரோ பாய்க்கு இங்கே பெயர் ஆட்டம். கதையில் அந்த ரோபோ சிறுவன் 2003 ஏப்ரல் 7ஆம் தேதி அந்தப் பேட்டையில்தான் பிறக்கிறான். அந்த வருடத்திலிருந்து ஸ்டேஷனில் ரயில் கிளம்பும்போது ஒலிப்பதும் ஆட்டம் பாட்டின் மெட்டுதான். வெளியே ரயில் பாலத்தடிச் சுவரில் அவருடைய பாத்திரங்கள் வரிசையாக. சைக்கிள்காரர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

1963 ஜனவரி 1ஆம் தேதி ஆட்டம் டிவிக்கு வந்தான், வாரம் அரை மணி நேரம். அவ்வளவு படத்தை வாராவாரம் முழுசாக வரைய ஆள் ஏது? அதனால் முகம் அசையாது, வாய் மட்டும் அசையும். பறக்கும் காட்சியை எடுத்துவைத்து வேறு கதையிலும் ஓட்டுவார்கள். டிவிக்காரர்களுக்குக் கொடுத்த விலையும் அடிமாட்டு விலை. ஸ்பான்சரான மெய்ஜியின் சாக்லேட்டோடு ஆட்டம் ஸ்டிக்கர் வந்தது. அந்த மாதிரிப் பொருள்களில்தான் காசு. இன்றைய அனிமே தொழிலின் சூட்சுமம் பூராவும் அதில் அடங்கியிருக்கிறது. வரைகிறவர்களுக்குக் கிடைக்கும் சொற்பக் கூலியின் வேரும் அங்கேதான் என்பது என் கட்சி. தெசுகாவைக் கும்பிடுகிறவர்கள் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். ஆனால் அவருடைய முஷி புரொடக்‌ஷனே 1973இல் திவாலானது.

2024 நவம்பர் 5, செவ்வாய்

பேய்க்கதை மங்காவின் பெரியவர் உமெசு கசுவோ அக்டோபர் 28இல் இறந்ததாக இன்று அறிவித்தார்கள். வயது 88. எப்போதும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட சட்டை. கிச்சிஜோஜியில் வீட்டையும் அதேபோல் பட்டை பட்டையாகக் கட்டினார். கண்ணை உறுத்துகிறது என்று அக்கம்பக்கத்தார் வழக்குப் போட, 2009இல் தீர்ப்பு அவர் பக்கமே வந்தது.

இந்த வருடம் இப்படி எத்தனை பேர். மார்ச்சில் 'டிராகன் பால்' வரைந்த தொரியாமா அகிரா போனபோது எங்கள் பிரிவில் ஒருவர் அரை நாள் லீவு போட்டார். காரணத்தை மறைக்கவுமில்லை.

2024 நவம்பர் 9, சனி

இரவில் லேசான நிலநடுக்கம். விளக்கு மட்டும் ஆடியது. காலையில் அவசரப் பையைச் சரிபார்க்கும்போது அந்த மஞ்சள் கையேடு கிடைத்தது. 2015இல் டோக்கியோ பெருநகர அரசு வீட்டுக்கு வீடு கொடுத்தது, முன்பு குடியிருந்தவர் விட்டுப்போனது. தண்ணீர் சேமிப்பது எப்படி, கழிப்பறை இல்லாமல் சமாளிப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிவிட்டு, பின்னால் ஒரு முழு மங்கா: டோக்கியோவில் பெரும் நிலநடுக்கம் வந்தால் ஒரு சாதாரண ஆபீஸ்காரன் என்ன பாடுபடுவான் என்று. வரைந்தவர் கவாகுச்சி கைஜி, நீர்மூழ்கிக் கப்பல் கதைக்குப் பேர்போனவர். மகள் அறிவுரைப் பக்கங்களைத் தொடவில்லை. மங்காவைப் படித்துவிட்டு வந்து, "அப்பா, நம்ம அலமாரியைச் சுவரோட ஆணி அடிக்கலையே?" என்றாள். மதியம் அடித்தேன்.

2024 நவம்பர் 23, சனி

கசுகாபே. சைத்தாமா மாவட்டத்தில் ஒரு புறநகர். நேரம் பார்த்து ஏறினால் ஹிபியா தடத்து ரயிலே நேராகக் கொண்டுபோய் விடும். ஷின்சானின் ஊர். மதுரையில் அக்கா மகன் தினமும் தமிழில் பார்க்கும் அதே ஷின்சான்.

போன காரணம் வேறு. அங்குள்ள இத்தோ யோக்கதோ சூப்பர் மார்க்கெட் நாளையோடு மூடுகிறது. கதையில் பெயரைக் கொஞ்சம் மாற்றி, ஷின்சானின் அம்மா மிசாயே தள்ளுபடிக்கு ஓடும் கடை இதுதான். வரைந்த உசுய் யோஷித்தோ கசுகாபேவில் வாழ்ந்தவர், 2009இல் மலையேறப் போய் விழுந்து இறந்துபோனார். 1990இல் பெரியவர்களுக்கான வாரப் பத்திரிகையில் ஆரம்பித்த கதை, 1992இல் டிவிக்கு வந்ததும் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோர் சங்கத்தின் கணக்கெடுப்பில், குழந்தைகளுக்குக் காட்ட விரும்பாத நிகழ்ச்சிகளில் பல வருடம் முன்வரிசை. அதே பையன் இன்று நகராட்சியின் விளம்பர முகம்.

ஷின்சானின் அப்பா டோக்கியோவுக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர். வீட்டுக் கடன் இன்னும் 32 வருடம் பாக்கி. இந்தக் கடைக்கு வரும் பாதிப் பேருக்கு அதே கதைதான்.

உள்ளே நகர இடமில்லை. போனைத் தூக்கிப் படமெடுக்கும் வெளியூர்க்காரர்கள் ஒரு பக்கம், கூடையோடு இடித்துக்கொண்டு போகும் உள்ளூர்ப் பாட்டிகள் ஒரு பக்கம். அக்கா மகனுக்கு வீடியோ கால் போட்டேன்.

"மாமா, மிசாயே அத்தை அங்க இருக்காங்களா?"

"தேடிக்கிட்டிருக்கேன்டா."

"ஷின்சான் வீட்டைக் காட்டுங்க."

வீடு என்று ஒன்று இல்லை என்று சொன்னதை அவன் நம்பவில்லை. கடையே இருக்கும்போது வீடு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்கிறான். பதில் தெரியாமல் போனை மகளிடம் கொடுத்துவிட்டுச் சாக்ஸ் தட்டைக் கிளறப் போனேன். கடைசித் தள்ளுபடி. சின்னப் பிள்ளைகள் அளவெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டதாம்.