அந்த ஊசிக்கு அப்புறம்

“ஏம்மா, அந்த ஊசி போடாம இருந்திருந்தா, பையன் வர்ற வரைக்கும் இருந்திருப்பாரோ?”

அந்தம்மா கேட்டது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை. நான் அவருடைய கணவரின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன். முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இல்லம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அவருக்கு நேரம் வந்துருச்சு” என்றேன். “சரிம்மா” என்று சொல்லிவிட்டு, பைக்குள் வேட்டியைத் தேட ஆரம்பித்தார். லாக்கர் மேல் அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. திருப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்த மகன் அப்போதுதான் ஒட்டன்சத்திரம் தாண்டியிருந்தான்.

நான் சொன்னது பொய்யில்லை. புற்றுநோய் வலிக்காக அவருக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மில்லிகிராம் மார்ஃபின் மாத்திரை போய்க்கொண்டிருந்தது. விழுங்க முடியாமல் போனதும் தோலுக்கடியில் 5 மில்லிகிராம் ஊசியாக மாற்றினார்கள். வாய்வழியாகப் போகும் மருந்தில் பெரும்பகுதியைக் கல்லீரலே தின்றுவிடும்; ஊசிக்கு அதில் பாதியே போதும். ஆக, டோஸ் கூடவில்லை. மார்ஃபின் கூடிப்போனால் மூச்சு குறையும்; அதனால் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினேன்: 14, குறைவில்லை. தேய்ந்து தேய்ந்து நின்று, பிறகு நீளமாக இழுத்துத் தொடங்குகிற அந்த மூச்சு விடியற்காலையிலேயே வந்துவிட்டது. கால் முழங்கால் வரை சில்லிட்டிருந்தது. எல்லாம் சார்ட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கடைசிக் கட்டத்தில் இருப்பவருக்கு நாலு மணிக்கொரு ஊசி என்றால் அதில் ஏதோ ஒன்று கடைசி ஊசியாகத்தான் இருக்கும், அது யாருடைய டியூட்டியில் விழுகிறது என்பதுதான் விஷயம். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆனால் அந்தம்மா கேட்டது மருந்தைப் பற்றி. நான் விதியைச் சொன்னேன். ‘நேரம் வந்துருச்சு’ என்றால் நம் பக்கத்தில் யாரும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேனா?

ஒரு வாரம் கழித்து, டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. ஊசி கேட்டு நர்ஸ் ஸ்டேஷனுக்கு வந்ததே அந்தம்மாதான். “முனகிக்கிட்டே இருக்காரும்மா, கொஞ்சம் முன்னாடியே போட்டுருங்க” என்றார். எப்படியும் பத்து நிமிடத்தில் போட வேண்டியதுதான், எழுந்து போய்ப் போட்டேன். இருபத்தைந்து நிமிடத்தில் மூச்சு நின்றது. அப்படியானால் அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லையோ? ‘நான் கேட்டதாலதானா?’ என்றல்லவா கேட்டிருக்கிறார்! எனக்கோ என் பெயர் மட்டும்தான் காதில் விழுந்தது. புரிந்திருந்தால் அந்த முடிச்சை அப்படியே விட்டுவிட்டு, “நீங்க வந்து கேட்டதாலதான் வலியில்லாமப் போனாரும்மா” என்று சொல்லியிருப்பேன்.

இதுவும் நான் எனக்காகக் கட்டிக்கொண்ட கதையாக இருக்கலாம். நேராகவே என்னைத்தான் கேட்டிருக்கலாம். கேட்கவும் உரிமை இருக்கிறது.

இப்படிப்பட்ட வார்டில் எப்படித் தாங்குகிறீர்கள் என்று வெளியில் கேட்பார்கள். வேலை தாங்க வைத்துவிடும் என்பேன். ‘பதினொண்ணாம் பெட் எக்ஸ்பையர்’ என்று ஹேண்ட்ஓவரில் சொல்வோம், ரப்பர் ஷீட்டைத் துடைப்போம், மதியத்துக்குள் அங்கே வேறொருவர் படுத்திருப்பார். எங்கள் சீனியர் அக்கா வீட்டுக்குப் போனதும் பின்கட்டில் குளித்துவிட்டுத்தான் பேரனைத் தூக்குவார். தீட்டெல்லாம் இல்லை, “ஒரு கோடு வேணும்ல” என்பார். எனக்குக் கோடு, மார்ஃபின் ஏடு. பாதி ஆம்பியூல் போட்டால் மீதிப் பாதியை இன்னொரு சிஸ்டர் பார்க்கக் கொட்ட வேண்டும், நேரம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் வந்தபிறகு இந்த மருந்தை வாங்கி வைக்கவே பல இடங்களில் பயந்தார்கள். 2014-இல் திருத்தம் செய்து தளர்த்தினார்கள், பயம் முழுக்கப் போகவில்லை. எனக்கு மட்டும் அந்த ஏடு பிடிக்கும். கையெழுத்துப் போட்டு மூடினால் அன்றைய ஆள் அதற்குள் அடங்கிவிடுவார். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்தச் சாவுக்கு நான்காவது நாள், வேறொரு படுக்கையில் ஒரு அக்கா. புற்று முதுகெலும்பு வரை பரவியிருந்தது. காலை 8.30-க்கு அவருக்கு ஊசி. வலி திரும்ப வருவதற்குள் போட்டுவிட வேண்டும், நோயாளி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் இந்த வைத்தியத்தின் அரிச்சுவடி. மூச்சை எண்ணினேன், 12. ஒரு குறையும் இல்லை, விழித்துப் பேசிக்கொண்டிருந்தார். மறுபடி எண்ணினேன். சிரிஞ்சை ட்ரேயில் வைத்துவிட்டு, டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று தலையணையைச் சரி செய்தேன், ட்ரிப்பைப் பார்த்தேன், திரும்ப வந்து எண்ணினேன். அவர் கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த கையில் வளையல் மட்டும் கிணுகிணுவென்று ஆடிக்கொண்டிருந்தது. “சிஸ்டர், மறந்துட்டீங்களா?” என்றார்.

போட்டபோது 8.50. ஏட்டில் 8.30 என்று எழுதினேன். கூட இருந்த சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.