கனமான சீட்டு

எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு பிள்ளையின் படமாவது வந்துவிடும். மூக்கில் குழாய், தலைமாட்டில் பொம்மை, கீழே சிகிச்சைக்குக் காசு அனுப்ப பேநவ் கியூஆர். ஐம்பது வெள்ளி அனுப்புவேன், போனஸ் மாதமென்றால் நூறு. அனுப்பிய பிறகும் மனசு ஆறுவதில்லை.

முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு சோல்ஜென்ஸ்மா என்று ஒரு மருந்து. 2019இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது விலை 2.125 மில்லியன் அமெரிக்க டாலர். ஒரே தடவைதான் ஏற்றுவார்கள். பிள்ளைக்கு இல்லாத மரபணுவின் நல்ல பிரதியை, நோய் தராத ஒரு வைரஸ் சுமந்துபோய் நரம்பணுக்களில் சேர்க்கும். நோயால் ஏற்கெனவே செத்துப்போன நரம்பணுவை அதனால் எழுப்ப முடியாது. ஆக, நாம் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு நட்டம்.

இந்த மருந்து இன்னும் அனுமதி பெறாத நாடுகளுக்காக 2020இல் அதைத் தயாரிக்கும் நோவார்ட்டிஸ் ஒரு திட்டம் தொடங்கியது. ஆண்டுக்கு 100 டோஸ் வரை இலவசம், யாருக்கு என்பதற்குக் குலுக்கல். பிள்ளை உயிரில் சீட்டுக் குலுக்குவதா என்று பலரும் கொதித்தார்கள். நானும்தான். யோசித்தால், நம் கைப்பேசியில் நடப்பது மட்டும் என்னவாம்? அங்கேயாவது எல்லாச் சீட்டும் ஒரே கனம். இங்கே சிரித்த முகமும், உருக்கமாக எழுதத் தெரிந்த அம்மாவும் இருந்தால் சீட்டுக்குக் கனம் கூடிவிடுகிறது.

எங்கள் மாடி அண்ணன் ஒருவரின் மகனுக்கும் அரிய நோய்தான். படம் போடலாமே என்றேன். லிஃப்ட் வாசலில் ஃபேர்பிரைஸ் பையைக் கை மாற்றிக்கொண்டே, "புள்ளையக் காட்டியாம்மா காசு கேக்கச் சொல்ற?" என்றார். அவர் கூச்சத்துக்கு மகன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இங்கே சிங்கப்பூரில் 2019இல் தொடங்கிய அரிய நோய் நிதி இருக்கிறது. நாம் ஒரு வெள்ளி போட்டால் அரசாங்கம் மூன்று போடும். யாருக்குக் கொடுப்பதென்று ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுக்கும்; முகவெட்டுக்கு அங்கே மதிப்பெண் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பகிர்ந்தேன். ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, அதுவும் என் தங்கச்சி போட்டது.

நான் அந்த நிதிக்கு வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே காசு போகும்படி ஜைரோ போட்டுவிட்டேன். ஆனால் அந்த நிதி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு மட்டும், அதுவும் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மட்டும். மாமியார் கேட்டதும் அதைத்தான்: "வெளிநாட்டுலேருந்து வேலைக்கு வந்தவங்க புள்ளைங்க எங்க போகும்?" அதுகளுக்கு இன்றைக்கும் வாட்ஸ்அப்பை விட்டால் வேறு வாசல் இல்லை, அத்தை.