குசாட்சு வெந்நீரில் இறங்கும் முன்: நாகர்கோவில் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கு

திற்பரப்பிலோ குற்றாலத்திலோ குளிப்பதென்றால் நமக்கு ஒரு முறை உண்டு. தலைமுதல் கால்வரை எண்ணெய், உடுத்த துணியோடு அருவிக்குக் கீழே, மனசு நிறையும்வரை நிற்பது. ஜப்பானின் வெந்நீர் ஊர்களில் இந்த மூன்றையும் விட்டுவிட வேண்டும். அதிலும் குசாட்சுவில் விடாமல் போனால் உடம்புக்கே கேடு. டோக்கியோவுக்கு வடமேற்கே, குன்மா மாகாணத்தில் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரின் தண்ணீர் கடும் அமிலம். பி.எச். அளவு 2-ஐ ஒட்டி வரும், கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. பயணத் திட்டத்தையே இந்தப் புளிப்பையும் சூட்டையும் மனதில் வைத்துப் போட வேண்டும்.

முதலில் நகை. தண்ணீரிலும் காற்றிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். வெள்ளி அதைத் தொட்டால் வெள்ளி சல்ஃபைடாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்துவிடும். கொலுசு, மெட்டி, ஆண்களின் வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. 22 காரட் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அதுவும் மங்கலாம். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அந்த நாட்களுக்கு மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்ளலாம். கன்னியாகுமரிக் கடற்கரையில் வாங்கின முத்து, பவளம், சிப்பி மாலை வேண்டவே வேண்டாம். இவை சுண்ணாம்புப் பொருட்கள், அமிலம் மேல்பூச்சைத் தின்றுவிடும். அலுமினியத்தில் அடித்த ஒரு யென் நாணயத்தை இந்தத் தண்ணீரில் ஒரு வாரம் போல் போட்டு வைத்தால் கரைந்தே போகும். கைக்கடிகாரமும் மூக்குக் கண்ணாடியும் உடை மாற்றும் அறையைத் தாண்டக் கூடாது.

அடுத்தது தேங்காய் எண்ணெய். பொதுத் தொட்டியில் எண்ணெய் படலமாக மிதந்தால் கூடக் குளிப்பவர்களுக்கு அதைவிட அருவருப்பு வேறில்லை. குளிக்கப் போகும் நாளில் தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் வைக்காதீர்கள். முந்தின நாள் வைத்திருந்தால் தங்கும் விடுதியின் குளியலறையில் ஷாம்பூ போட்டு நன்றாக அலசிவிட்டு வெளியே புறப்படுங்கள். அதை அங்கேயே முடித்துவிடுவது ஏனென்றால், குசாட்சுவின் பழைய பொதுக் குளியலறைகளில் சோப்பு போட இடம் கிடையாது. போட்டாலும் பலனில்லை, அமிலத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் பிசுபிசுப்பாகத் திரிந்துவிடும்.

இனி குளிக்கும் முறை. வாசலில் செருப்பைக் கழற்றி, திரைச்சீலையில் ஆண், பெண் எழுத்தைப் பார்த்து உள்ளே போக வேண்டும். பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் 男 (ஆண்), 女 (பெண்) என்ற இரண்டு எழுத்தையும் போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் இடையில் திரையை மாற்றிப் போடுவார்கள். உள்ளே போனதும் துணி முழுவதையும் கூடையில் வைத்துவிட வேண்டும். நம் ஆட்களுக்கு ஏற்படும் கூச்சம் புரிகிறது. ஆனால் அங்கே ஒருவரும் ஒருவரைப் பார்ப்பதில்லை. முடியவே முடியாது என்றால், குடும்பமாகவோ தனியாகவோ ஒரு மணி நேரம்போல் வாடகைக்கு எடுக்கும் தனிக் குளியலறை உள்ள விடுதியாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். கூச்சத்தோடு போராடுவதைவிட அது நல்ல வழி. பச்சை குத்தியிருப்பவர்களுக்கும் அதுவே சுலபம், பல இடங்களில் பொதுத் தொட்டியில் அவர்களை விடமாட்டார்கள்.

கையில் ஒரு சின்னத் தோர்த்து மட்டும் இருக்கும். அதைத் தொட்டித் தண்ணீரில் முக்கக் கூடாது, மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். நீண்ட கூந்தலைக் கொண்டையாக உயர்த்திக் கட்டுங்கள். தொட்டியின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மரக் கைச்சட்டியால் வெந்நீர் மோந்து முதலில் பாதத்தில், பிறகு முழங்காலில், இடுப்பில், தோளில், கடைசியாகப் பிடரியில் பத்துப் பதினைந்து தடவை பைய ஊற்றுங்கள். இதை அவசரமாக முடிப்பவர்களுக்குத்தான் உள்ளே இறங்கியதும் தலை சுற்றுகிறது. தோல் ரத்தக்குழாய்கள் ஒரேயடியாக விரிந்து ரத்த அழுத்தம் ஏறி இறங்குவதுதான் காரணம். குளிர்காலத்தில் உடை மாற்றும் அறையே ஐஸ் மாதிரி இருக்கும் என்பதால் இந்தத் தாவல் இன்னும் பெரியது.

ஜப்பானில் சாதாரணக் குளியல் சூடு 42 டிகிரி. குசாட்சுவின் இலவசப் பொதுக் குளியலறைகளில் 44, 46 என்றும் இருக்கும். யுபடாகே ஊற்றுக்கு அடுத்தே இருக்கும் ஷிராஹாட்டா நோ யு அப்படிப்பட்ட இடம். முதல் தடவை அங்கே போகாதீர்கள். ஓட்டாக்கி நோ யுவில் படிப்படியாகச் சூடு கூடும் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. குறைந்த சூட்டில் தொடங்கி, உடம்பு சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். முதல் முங்கு மூன்று நிமிடம் போதும். வெளியே வந்து உட்கார்ந்து, வேண்டுமானால் இன்னொரு மூன்று நிமிடம். முதல் நாள் இரண்டு தடவைக்கு மேல் போகக் கூடாது என்பதில் உறுதியாக இருங்கள். காசு கொடுத்து வந்திருக்கிறோமே என்று நாலைந்து தடவை இறங்குகிறவர்களுக்கு அக்குளிலும் தொடையிடுக்கிலும் தோல் சிவந்து எரியும். மெல்லிய தோல் அமிலத்துக்கு முதலில் தோற்கும். சவரம் செய்த அன்றைக்கும், ஆறாத புண் இருக்கும்போதும் இறங்க வேண்டாம். தண்ணீர் கண்ணில் படவே கூடாது, முகத்தைக் கழுவாதீர்கள். வேறு ஊர்களில் வெந்நீரை உடம்பில் அப்படியே விடச் சொல்வார்கள். குசாட்சுவில் தோல் மென்மையானவர்கள் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு வருவதே சரி.

பிரஷர், இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்துப்போயிருக்கலாம், சூடு தெரியாமல் போகலாம். அவர்கள் கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை வைக்க வேண்டும். சாப்பிட்ட உடனேயும், மது குடித்த பிறகும் கூடாது.

ஊரின் நடுவிலேயே யுபடாகே இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 4,000 லிட்டர் வெந்நீர் பொங்கி, நீளமான ஏழு மரத் தொட்டிகள் வழியே ஓடி ஆறி, கடைசியில் சின்ன அருவியாக விழுகிறது. மரத்தில் படியும் மஞ்சள் வெள்ளைக் கந்தகத்தைச் சுரண்டி எடுப்பார்கள். பச்சைத் தண்ணீர் கலந்தால் வீரியம் குறையும் என்பதால் அங்கே வெந்நீரை ஆற்ற வேறு வழி கண்டார்கள்: 180 சென்டிமீட்டர் நீளப் பலகையால் தொட்டித் தண்ணீரைப் புரட்டிப் புரட்டிக் கலக்குவது. நெட்ஸு நோ யு அரங்கில் பெண்கள் பாட்டோடு இதைச் செய்து காட்டுவார்கள், கட்டாயம் பாருங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஆற்றுக்குச் செய்யும் வேலை. ஊர் முழுவதும் நிமிடத்துக்கு 32,000 லிட்டருக்கு மேல் இயற்கையாகப் பொங்கும் அமிலத் தண்ணீர் யுகாவா ஆற்றில்தான் சேர்கிறது. அந்தக் காலத்தில் அந்த ஆற்றில் மீன் இல்லை, பயிருக்கும் பாய்ச்ச முடியாது, பாலத்தின் கான்கிரீட்டும் இரும்பும் அரித்துப்போகும். 1964 முதல் சுண்ணாம்புக் கரைசலை இரவும் பகலும் நிறுத்தாமல் ஆற்றில் கலக்கிறார்கள். அதனால் உண்டாகும் வண்டல் கீழே ஷினாகி அணையில் படிகிறது. நாஞ்சில் நாட்டில் கால்வாய் வெள்ளத்தை நம்பி வயல் வைத்திருப்பவர்கள் அந்த ஆற்றங்கரையில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இன்னொரு தகவல்: ஜப்பானின் 1948-ஆம் ஆண்டு வெந்நீர் ஊற்றுச் சட்டப்படி ஒன்றை வெந்நீர் ஊற்று என்று சொல்ல, நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீர் 25 டிகிரி இருந்தாலே போதும், அல்லது குறிப்பிட்ட தாது ஒன்றாவது உரிய அளவில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் நம் மாவட்டத்துக் கிணறுகளில் பலவும் தேறிவிடும்! ஆகையால் பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், உடை மாற்றும் அறையில் மாட்டியிருக்கும் தண்ணீர்ப் பகுப்பாய்வு அட்டையில் சூட்டையும் பி.எச். அளவையும் பாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு குசாட்சுவைவிட, கிஃபு மாகாணத்து கெரோ போன்ற காரத்தன்மையுள்ள வழுவழுப்பான தண்ணீர் ஊரே ஏற்றது.

போகும் வழி: திருவனந்தபுரத்தில் ஏறி சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ மாறி டோக்கியோ. அங்கே உவெனோ நிலையத்திலிருந்து குசாட்சு ஷிமா விரைவு ரயில், சுமார் இரண்டரை மணி நேரத்தில் நாகனோஹாரா குசாட்சுகுச்சி. அங்கிருந்து பஸ்ஸில் 25 நிமிடம். நாளுக்குச் சில ரயில்கள்தான், இருக்கை முன்பே எடுத்துவிடுங்கள். ஷிஞ்சுகுவிலிருந்து நேரடி பஸ் சுமார் நாலு மணி நேரம், மலிவு, ஆனால் விடுமுறை நாளில் சாலை நெரிசலில் தாமதமாகும். தாமதம் ஏன் முக்கியமென்றால், பாரம்பரிய விடுதிகளில் அறை மூன்று மணிக்குக் கிடைக்கும், இரவுச் சாப்பாடு ஆறு, ஆறரைக்கு. பிந்தினால் அன்றைய சாப்பாடு போனதுதான். கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு, இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. இணையத்தில் பார்த்த தொகையை நாலு பேருக்குப் பிரித்துக் கணக்குப் போடாதீர்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். சூப்பிலும் குழம்பிலும் அடிப்படைச் சாறு, மாசி செய்யும் அதே சூரை மீனைக் காயவைத்துச் சீவி எடுத்தது. மீன் துண்டு கண்ணில் படாது, ருசியில் இருக்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை பனி. ஊற்றைச் சுற்றி உறையாத இடம் உண்டு, மற்றபடி சரிவுகள் வழுக்கும். விடுதியில் தரும் மரச் செருப்போடு பனியில் நடக்காதீர்கள். பிடிப்புள்ள ஷூவும் உள்ளாடைத் தெர்மலும் நாகர்கோவில் கடைகளில் தேடி அலைய வேண்டாம், டோக்கியோவில் யுனிக்லோ துணிக்கடையில் வாங்கிக்கொள்ளலாம். விடுதி தரும் யுகாட்டா என்ற பருத்தி அங்கியை உடுத்தும்போது இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

ஊருக்கு மேலே இருப்பது உயிருள்ள எரிமலை. குசாட்சு ஷிரானே மலைத்தொகுதியில் 2018 ஜனவரியில் வெடிப்பு நடந்து ஒருவர் இறந்தார். மேலே ஏறும் திட்டம் இருந்தால் ஜப்பான் வானிலை நிறுவனத்தின் எரிமலை எச்சரிக்கை அளவைப் பாருங்கள். ஷிகா பக்கம் போகும் மலைச்சாலை நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் பின்பகுதிவரை மூடியிருக்கும், அந்த மாதங்களில் நாகனோவுக்கு அந்த வழியே போகத் திட்டமிட வேண்டாம்.