புல்லில் காத்திருக்கும் உண்ணி, சுவரில் குடியிருக்கும் உண்ணி

மழை ஓய்ந்து, கோவையை அடுத்த தொண்டாமுத்தூர் பக்கத்துத் தோட்டங்களில் வரப்பெல்லாம் புல் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டால், நாய் வளர்க்கிற நண்பர்களிடமிருந்து எனக்கு வருகிற கேள்வி ஒன்றுதான்: "உண்ணிக்கு என்ன மருந்து போடறீங்க?" மருந்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை. அந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்தால்தான் நாயும் தப்பிக்கும், வீட்டில் இருக்கிற மனிதர்களும் தப்பிப்பார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இருவர் இருக்கிறார்கள். செவலை, கோம்பை நாய். தேனி மாவட்டத்து ஊரின் பெயரையே தாங்கிய இனம். குட்டை முடி, அடங்காத ஓட்டம். இன்னொருத்தி கருப்பி, தெருவிலிருந்து வந்தவள். வாரக்கடைசியில் இருவரையும் கூட்டிக்கொண்டு மாமனாரின் தோட்டத்துக்குப் போவோம். ஓடைக்கரை, சோளக்காடு, மாடு மேயும் தரிசு என்று ஒரு சுற்று. வனத்துறை எல்லைக்கல் தெரிகிற இடத்தில் திரும்பிவிடுவோம். காப்புக்காட்டுக்குள் நாயைக் கூட்டிப்போவது சட்டப்படி தவறு. அதைவிட, நம் நாய்களிடமிருந்து டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் காட்டு விலங்குகளுக்குப் போய்விடும். யானை நடமாட்டம் வேறு.

நாயின் மேல் இருக்கிற உண்ணிகள் எல்லாம் ஒரே வகை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தால் வேலை சுலபம். மேய்ச்சல் நிலத்திலும் காட்டோரத்திலும் இருப்பவை புல்லின் நுனியிலோ செடியின் இலையிலோ ஏறி, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு காத்திருக்கும். மூச்சில் வரும் கரியமில வாயுவையும் உடல் சூட்டையும் உணர்கிற உறுப்பு அந்த முன்னங்கால்களில்தான் இருக்கிறது. மாடோ, நாயோ, நம் கால்சட்டையோ உரசினால் பற்றிக்கொள்ளும். இன்னொன்று பழுப்பு நாய் உண்ணி. நம் ஊரில் நாய் மேல் அதிகம் பார்ப்பது இதைத்தான். இது காட்டுக்காரன் இல்லை. நாய் படுக்கிற திண்ணை, சாளை என்று நாங்கள் சொல்கிற தோட்டத்து வீட்டின் சுவர், கூண்டு, தெருநாய்கள் ஒதுங்குகிற மண்டப மூலை, இவைதான் இதன் ஊர். காத்திருப்பதோடு நிற்காமல், நாயைத் தேடி நடந்தும் வரும். ஆக, வெளியே போய்வந்தால் கவனிக்க வேண்டியது ஒன்று, வீட்டுக்குள்ளே கவனிக்க வேண்டியது இன்னொன்று. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை என்பதுதான் என் கவலை.

முதலில் வெளியே. நடந்து திரும்பியதும், வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே, இருவரையும் நிழலில் நிறுத்தித் தடவிப் பார்த்துவிடுவேன். கண்ணால் பார்ப்பதைவிட விரல்தான் இதற்கு நல்லது. காது மடலின் உள்பக்கம், கண் இமையின் ஓரம், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, வாலுக்குக் கீழே, விரல் இடுக்குகள். விரல் இடுக்கைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு பாதத்தையும் விரித்துப் பார்க்க வேண்டும். செவலைக்கு முடி குட்டை என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் வைத்திருப்பவர்கள் முடியை எதிர்த்திசையில் நீவித் தோல் தெரியப் பார்க்க வேண்டும். ரத்தம் குடித்து ஆமணக்கு விதை மாதிரி உப்பிய பெண் உண்ணி எளிதில் கண்ணில் படும். அப்போதுதான் ஏறிய சின்னது எள்ளளவுகூட இருக்காது. அதைத்தான் தேட வேண்டும்.

கடித்துக்கொண்டிருப்பதை எடுப்பதில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவருக்கு ஒரு வழி உண்டு. "சீமெண்ணெய் வெச்சா தானா உட்டுப்போட்டு உழுந்துரும் கண்ணு" என்பார். அவர் காலத்து மாடுகளுக்கு அப்படித்தான் செய்தார்கள். "வேண்டாமுங்கய்யா, எரிச்சல்ல அது வாயிலிருக்கிறதை உள்ளே கக்கிடும். கிருமி அதுலதான் வரும்" என்று சொல்லிக் காட்டியபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தீக்குச்சியால் சுடுவது, கற்பூரத் தைலம் தடவுவது எல்லாமே இதே வகை. நுனி கூர்மையான இடுக்கியால், தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியைப் பிடித்து, ஒரே சீராக நேர் மேலே இழுத்தால் போதும். திருகக் கூடாது, வயிற்றைப் பிடித்து நசுக்கக் கூடாது. எடுத்ததை நகத்தால் குத்திக் கொல்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதன் ரத்தம் நம் விரல் கீறலில் பட்டால் நமக்கே நோய் வரலாம். ஒரு சின்னப் பாட்டிலில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றி வண்டியிலேயே வைத்திருக்கிறேன். அதில் போட்டு மூடிவிடுவேன். அப்புறம் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, கையையும் கழுவ வேண்டும்.

சரி, மருந்து. இப்போது கால்நடை மருத்துவர்கள் அதிகம் எழுதுவது மாத்திரை: மாதம் ஒன்று கொடுக்கிற அஃபாக்ஸொலானர், சுமார் மூன்று மாதம் தாங்குகிற ஃபுளூராலனர். நன்றாக வேலை செய்கின்றன, நாங்களும் கொடுக்கிறோம். ஆனால் இவை நாயின் ரத்தத்தில் இருந்து வேலை செய்பவை. உண்ணி கடித்துக் குடித்தால்தான் சாகும், அதற்கும் சில மணி நேரம் ஆகும். எர்லிக்கியா என்ற கிருமியோ கடித்த சில மணி நேரத்திலேயே நாயின் உடம்புக்குள் போய்விடக்கூடியது. மாத்திரை கொடுத்தாயிற்று என்று தடவிப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான். வலிப்பு வந்த நாய்க்கும் சிறு குட்டிக்கும் இந்த மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

கழுத்தில் மாட்டுகிற ஃபுளூமெத்ரின் பட்டைகள் உண்ணியை அண்டவிடாமலும் தடுக்கும், மாதக்கணக்கில் நிற்கும். பிடரியில் சொட்டுகிற ஃபிப்ரோனில் போட்டால், போடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த எதையும் நாய்க்குப் போடாதீர்கள். நாயை உரசிப் படுத்தாலே பூனைக்கு விஷம் ஏறி உயிர் போகலாம். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தைத் தண்ணீரில் குத்துமதிப்பாகக் கலந்து நாய் மேல் ஊற்றுவதைக் கிராமத்தில் நிறையப் பார்க்கிறேன். வாயில் நுரை தள்ளித் துடிக்கிற நாயை ஒருமுறை பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். வேப்பெண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். அதன் வாசனைக்குக் கொஞ்ச நேரம் விலகி நிற்கும், அவ்வளவுதான். அதை மட்டும் நம்பி மேய்ச்சல் நிலத்துக்குக் கூட்டிப்போக மாட்டேன்.

இனி வீடு. பழுப்பு நாய் உண்ணி முட்டைப்புழு, இளம்பூச்சி, முதிர்ந்தது என்று மூன்று பருவத்திலும் நாய் மேல் ஏறி, ரத்தம் குடித்து, ஒவ்வொரு முறையும் கீழே விழுந்துதான் அடுத்த பருவத்துக்கு மாறும். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி நாய் மேல் இல்லை, நம் வீட்டில்தான். பெண் உண்ணி வயிறு நிறைந்து விழுந்ததும் ஒரு விரிசலைத் தேடிப் போய் நான்காயிரம் வரைகூட முட்டையிடும். நம் ஊர் வெயிலுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். முதிர்ந்த உண்ணி சாப்பாடே இல்லாமல் ஒன்றரை வருடம் வரை உயிரோடு இருக்கும். நாயை ஊருக்கு அனுப்பிவிட்டால் உண்ணி ஒழிந்துவிடும் என்பது இதனால் நடக்காது.

இவை மேல்நோக்கி ஏறும் பழக்கம் உள்ளவை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தரையையே கூட்டிக்கொண்டிருந்தால் கிடைக்காது. கதவு நிலையின் மேல்விளிம்பு, மாட்டியிருக்கிற படங்களின் பின்பக்கம், ஜன்னல் திரையின் மடிப்பு, சுவரும் கூரையும் சேர்கிற கோடு, சுவிட்ச் பெட்டியின் ஓரம். தோட்டத்துச் சாளையில், மாமனார் திருமணப் படத்தை நாங்கள் கழற்றியபோது சட்டத்தின் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாமியாருக்கு அதைப் பார்த்து அழுகையே வந்துவிட்டது. அந்த வாரமே வேலையை ஆரம்பித்தோம். விரிசல்களை எல்லாம் சிமெண்ட் பாலால் அடைத்தோம், அதன் மேல் சுண்ணாம்பு அடித்தோம். பழைய சாக்கு, நாய் படுக்கை எல்லாவற்றையும் எரித்துவிட்டு, துவைக்கக்கூடிய துணிப் படுக்கை போட்டோம். பூச்சி மருந்து அடிப்பவரை வரவழைத்து, நாய்களையும் பிள்ளைகளையும் வெளியே வைத்து, காய்ந்த பிறகே உள்ளே விட்டோம்.

ஒருமுறை அடித்தால் போதாது. மருந்து முட்டைகளைக் கொல்லாது. அவை பொரிக்கும் நேரம் பார்த்து இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப அடிக்க வேண்டும், சில வீடுகளில் மூன்றாவது முறையும். இவ்வளவும் நடக்கும்போது நாய்க்கும் மருந்து தவறாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டை விட்டு நாய்க்கு மட்டும், நாயை விட்டு வீட்டுக்கு மட்டும் செய்தால் செலவு மிஞ்சும், உண்ணியும் மிஞ்சும்.

கருப்பி எங்களிடம் வந்தபோது மூக்கில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் அடிமட்டத்தில் இருந்தன. எர்லிக்கியா என்று மருத்துவர் உறுதி செய்தார். டாக்ஸிசைக்ளின், நான்கு வாரம். முதல் சில நாட்களிலேயே வாலாட்டி, சோறு கேட்க ஆரம்பித்துவிட்டாள். இங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். கிருமி உள்ளே தங்கிப்போய், மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையையே தாக்குகிற நிலை வரலாம். நிறுத்தாமல் கொடுங்கள். இன்னொன்று பேபீசியா. சிவப்பணுக்களை உடைக்கிற ஒட்டுண்ணி. ஈறு வெளிறி, காய்ச்சல் அடித்து, சிறுநீர் காபி டிகாஷன் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. உங்கள் நாயின் உதட்டைத் தூக்கி, நன்றாக இருக்கிற நாளில் ஈறு என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாறும்போது தெரியும்.

மனிதர்களுக்கு வருகிறேன். தோட்டத்துக்குப் போகும்போது வெளிர்நிறக் கால்சட்டை போடுகிறேன், ஏறுவது கண்ணில் படும் என்பதற்காக. அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்வேன். பார்க்க நன்றாக இல்லைதான், பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். டீட் என்ற பூச்சிவிரட்டி கலந்த களிம்பைக் காலிலும் இடுப்பிலும் தடவுவோம். புல்லில் நேராக உட்கார மாட்டோம், தார்ப்பாய் விரித்துத்தான். வீடு வந்ததும் குளியல். துணி வெந்நீரில் ஊறும். பச்சைத் தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது. அக்குள், இடுப்புப் பட்டை இறுகிய இடம், முழங்காலின் பின்பக்கம், காதின் பின்னால், பிள்ளைகளுக்குத் தலைமுடிக்குள். நாய்க்குப் பார்த்த அதே கவனத்தோடு பார்க்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறவர்களுக்குக் குரங்குக் காய்ச்சல் தெரிந்திருக்க வேண்டும். 1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதலில் அறியப்பட்டது. பிறகு பந்திப்பூர், வயநாடு பக்கமும் வந்தது. காட்டு உண்ணிகள் வழியாக வரும் வைரஸ் இது, டிசம்பரிலிருந்து மே வரை அதிகம். குரங்குகள் செத்துக் கிடப்பதுதான் முதல் அறிகுறி. அப்படிப் பார்த்தால் பக்கத்தில் போகாமல், தொடாமல், வனத்துறைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சொல்லிவிடுங்கள். மேற்கொண்டு நடப்பதை அன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் அதைவிட அதிகம் பார்ப்பது ஸ்க்ரப் டைபஸ். செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது இதுதான். பரப்புவது நாய் உண்ணி இல்லை. புதரில் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம். அது கடித்த இடத்தில் வலிக்காத ஒரு கறுத்த பொருக்கு விழும், சிகரெட்டால் சுட்ட மாதிரி. இடுப்பில், அக்குளில், மார்புக்கு அடியில், தொடை இடுக்கில், நாமே பார்க்காத இடங்களில்தான் அது இருக்கும். கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கடும் தலைவலி, உடம்பு வலி. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ கொடுத்துக் குணப்படுத்திவிடலாம். தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். தீவிரமான நிலையில் இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது நல்லது என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய, 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. பழுப்பு நாய் உண்ணியால் மனிதர்களுக்கு வருகிற டைபஸ் காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. அதில் உள்ளங்கை, உள்ளங்கால் வரை தடிப்பு வரும், அதற்கும் டாக்ஸிசைக்ளின்தான்.

மருத்துவரிடம் போகிறவர்கள் "மூன்று நாளாகக் காய்ச்சல்" என்று மட்டும் சொல்கிறார்கள். டெங்கு பரிசோதனை ஓடும், டைபாய்டு பரிசோதனை ஓடும், நாள் போகும். "போன வாரத்துக்கு முந்தின வாரம் தோட்டத்தில் புதர் வெட்டினேன்", "நாய் மேலிருந்து உண்ணி எடுத்தேன்" என்று நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். கூச்சப்படாமல், உடம்பு முழுவதும் அந்தப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வயதான பெண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். அவர்களுக்கு வீட்டில் இருக்கிற மகளோ மருமகளோ முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.